சுருளைப் பார்த்த பிரபு

அயர்லாந்தில் பர் என்று ஒரு சின்ன ஊர். மேகமும் மழையும்தான் அங்கே அதிகம். 1845-ல் உலகிலேயே பெரிய தொலைநோக்கி அங்கேதான் இயங்க ஆரம்பித்தது. கட்டியது அரசாங்கம் இல்லைங்க! மூன்றாம் ரோஸ் பிரபு வில்லியம் பார்சன்ஸ், தன் கோட்டை வளாகத்தில், சொந்தப் பணத்தில் கட்டினார்.

செம்பும் வெள்ளீயமும் கலந்து வார்த்த ஆடி. அகலம் 72 அங்குலம், எடை சுமார் 3 டன். குழாய் இரண்டு பெரிய சுவர்களுக்கு நடுவே தொங்கியதால் எதையும் கொஞ்ச நேரம்தான் தொடர்ந்து பார்க்க முடியும்.

அந்த ஏப்ரலில் எம்51-ஐப் பார்த்தார். அதுவரை மங்கலான புகைபோலத் தெரிந்தது, அவர் கண்ணுக்குச் சுருளாகத் தெரிந்தது. வானத்தைப் படம் பிடிக்க கேமரா உதவாத காலம். கையால்தான் வரைந்தார்.

அதே வருடம் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் வந்தது. தொடர்ந்த பஞ்சத்தில் அயர்லாந்தில் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். ரோஸ் நிவாரண வேலையில் இறங்கினார். தொலைநோக்கி பெரும்பாலும் சும்மா நின்றது. 1848 வாக்கில்தான் மறுபடி முழுவீச்சில் வேலை தொடங்கியது.

ரோஸ் 1867-ல் இறந்தார். அந்தச் சுருள்கள் நம் பால்வழிக்கு வெளியே இருக்கும் தனி கேலக்ஸிகள் என்பது 1920-களில் எட்வின் ஹபிளின் ஆய்வுக்குப் பிறகே உறுதியானது. தான் கண்டது என்னவென்று அவருக்குக் கடைசிவரை தெரியாது.

ஆனால் ஊர் பசித்தபோது வானத்தை விட்டுக் கீழே இறங்கத் தெரிந்திருந்தது. எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. உங்களுக்கு?