ரெண்டு வருஷம் லேட்டா வந்த சட்டம்

ரொம்ப நாளா எழுதணும்னு மனசுக்குள்ள ஓடிக்கிட்டிருந்த விஷயம் இது. இன்னிக்கு ஆபீஸ்ல ஆணி கம்மி, அதான் உட்கார்ந்துட்டேன். வரலாற்றுப் பதிவுன்னதும் ராஜா, போர், கல்வெட்டுன்னு யாரும் பயப்பட வேண்டாம். இது பல்லு நீண்ட ஒரு கொறிக்கும் பிராணியோட வரலாறு :-)

போன கோடையில ஸ்வீடனோட மேற்கு ஓரத்துல, வார்ம்லாண்ட் மாகாணத்துல, ஏரிக்கரையில ஒரு மர வீட்டை ஒரு வாரம் வாடகைக்கு எடுத்திருந்தோம். முதல் நாள் காலையிலயே தங்கமணி வெளியே நின்னு கூப்பிட்டாங்க. போய்ப் பார்த்தா, என் தொடை தடிமனுக்கு ஒரு பிர்ச் மரம் தண்ணிப் பக்கமா சாஞ்சு கிடக்கு. அடிக்கட்டை பென்சில் சீவின மாதிரி கூம்பா நிக்குது. சுத்திலும் மரச் சில்லுகள். "யாருப்பா இவ்ளோ அழகா வெட்டினது?"ன்னு கேட்டாங்க.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்தார். எழுபது தாண்டின மனுஷர். மரத்தைப் பார்த்ததும் "பீவர்!"னு ஒரே வார்த்தை. அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் சொன்னதை இங்கே எழுத முடியாது. ஓடையில அணை கட்டி அவரோட புல்வெளியில தண்ணி ஏத்திடுச்சாம், கரையில வரிசையா மரத்தைச் சாய்க்குதாம். அரை மணி நேரம் விடாம திட்டினார்.

அன்னிக்கு ராத்திரி இருட்டவே இல்லை, தூக்கமும் வரலை. பீவரைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சவன், விடியறதுக்குள்ள அவர் திட்டினதையே வேற மாதிரி பார்க்க ஆரம்பிச்சுட்டேன்.

ஸ்வீடன்ல கடைசி பீவரைச் சுட்டுக் கொன்ன வருஷம் 1871. பீவரைக் கொல்லக் கூடாதுன்னு சட்டம் வந்த வருஷம் 1873.

மறுபடி படிச்சுப் பாருங்க. பாதுகாக்கச் சட்டம் போட்டப்போ, பாதுகாக்க நாட்டுல ஒண்ணு கூட இல்லை.

ஏன் அப்படித் துரத்தித் துரத்திக் கொன்னாங்க? முதல் காரணம் ரோமம். குளிர் தேசத்துத் தொப்பிக்கும் கோட்டுக்கும் அதைவிட நல்ல தோல் கிடையாது. ரெண்டாவது, வால் பக்கம் இருக்கிற ஒரு பையில ஊறுற வாசனைத் திரவம். தலைவலியில ஆரம்பிச்சு வலிப்பு வரைக்கும் மருந்துன்னு ஐரோப்பா முழுக்க வித்தாங்க. பீவர் தின்கிறது வில்லோ மரப்பட்டை. ஆஸ்பிரினோட பங்காளியான சாலிசிலிக் அமிலம் அதுல இருந்துதான் வருது. அதனால இந்த மருந்து முழுக்கப் புரட்டுன்னும் சொல்ல முடியாது. மூணாவது காரணம்தான் உச்சம். நோன்புக் காலத்துல மாமிசம் கூடாது, மீன் சாப்பிடலாம். தண்ணியில வாழுது, வாலில் செதில் இருக்கு, அதனால பீவரும் மீன்தான்னு மத்திய கால ஐரோப்பாவுல தீர்ப்பு சொல்லிட்டாங்க!

மனுஷன் போட்ட இந்தக் கணக்குல 20ஆம் நூற்றாண்டு தொடங்கும்போது ஐரோப்பா, ஆசியா முழுக்கச் சேர்த்து மிச்சம் இருந்த இந்த இன பீவர்கள் சுமார் 1200தான். அதுவும் அங்கங்கே சிதறி, சின்னச் சின்னக் கூட்டமா.

அதுல ஒரு கூட்டம் பக்கத்து நாடான நார்வேயில, தெற்குப் பக்க ஆறுகள்ல ஒளிஞ்சிருந்தது. மொத்தமே நூறு சொச்சம். நார்வேக்காரங்க 1845லயே சட்டம் போட்டுட்டாங்க. அதாவது ஸ்வீடனுக்கு 28 வருஷம் முன்னாடி. அங்கே பீவர் அப்ப உயிரோட இருந்தது. அந்த ஒரு வித்தியாசம்தான் எல்லாம்.

1922ல யாம்ட்லாண்ட் மாகாணத்துல எரிக் ஃபெஸ்டின்னு ஒருத்தர் முயற்சி எடுத்து, நார்வேயில இருந்து ஒரு ஜோடி பீவரை விலைக்கு வாங்கிக் கொண்டுவந்து ஓர் ஆத்துல விட்டாங்க. அந்த ஆத்தோட பேரு பியூரெல்வன். பழைய ஸ்வீடிஷ்ல 'பியூர்'னா பீவர். ஐம்பது வருஷமா பேர்ல மட்டும் பீவர் இருந்த ஆத்துக்கு நிஜ பீவர் திரும்பி வந்துச்சு. 1939 வரைக்கும் இப்படி விட்டது மொத்தம் சுமார் 80. இன்னிக்கு ஸ்வீடன்ல ஒரு லட்சத்துக்கும் மேல. வேட்டையாடக்கூட அனுமதி உண்டு. எங்க வீட்டுக்காரரைக் கடுப்பேத்தின பீவருக்கும் பூர்வீகம் நார்வேதான்.

பக்கத்துல இருந்து வாங்கினதால ஸ்வீடன் தப்பிச்சது. பின்லாந்து கதையைக் கேளுங்க. அங்கேயும் பீவர் அழிஞ்சு போச்சு. 1930கள்ல நார்வேயில இருந்து கொஞ்சம் வாங்கினாங்க, கூடவே 1937ல அமெரிக்காவுல இருந்து 7. ரெண்டும் ஒரே இனம்னு அப்ப நம்பிக்கை. அப்புறம்தான் தெரிஞ்சது, வேற வேற இனம்னு. இன்னிக்கு அந்த நாட்டுல அமெரிக்கப் பீவரோட வாரிசுகள்தான் அதிகம், சொந்த ஊர் பீவர் குறைவு. போனது ஒண்ணு, வந்தது இன்னொண்ணு.

இதோட நிறுத்தியிருந்தா நிம்மதியா தூங்கியிருப்பேன். அப்புறம் ஓநாய்க்குப் போனேன்.

ஓநாய் விஷயத்துல ஸ்வீடன்காரங்களுக்குப் பழைய காயம் ஒண்ணு இருக்கு. 1820-21 குளிர்காலத்துல யீசிங்கே பக்கம் ஒரே ஓநாய் மூணு மாசத்துல 12 பேரைக் கொன்னது. பெரும்பாலும் குழந்தைங்க. அது மனுஷன் குட்டியில பிடிச்சு வளர்த்து, அப்புறம் தப்பிச்சுப் போன ஓநாய்ங்கிறது கதையோட அடுத்த பாதி. ஆனா பயம் பயம்தானே? தலைக்கு இவ்வளவுன்னு அரசாங்கமே பரிசு கொடுத்துக் கொன்னாங்க. 1966ல பாதுகாப்புச் சட்டம் வந்தப்போ, பழைய ஓநாய்க் கூட்டம் கிட்டத்தட்ட முடிஞ்சு போச்சு. மறுபடியும் லேட்!

1983ல நாங்க தங்கியிருந்த இதே வார்ம்லாண்ட் காட்டுல ஒரு ஜோடி குட்டி போட்டது. எங்கேயிருந்து வந்துச்சு? பின்லாந்து, ரஷ்யா பக்கத்துல இருந்து பல நூறு கிலோமீட்டர் நடந்து வந்த ஓநாய்கள்னு பின்னாடி மரபணுச் சோதனையில தெரிஞ்சது. ஆனா 1980கள் முழுக்கக் கூட்டம் பத்தைத் தாண்டவே இல்லை. எல்லாமே ஒரே ரத்தம். 1991 வாக்குல இன்னொரு ஆண் ஓநாய் கிழக்கே இருந்து வந்து சேர்ந்துச்சு. அந்த ஒத்தை ஓநாய் வந்தப்புறம் எண்ணிக்கை கிடுகிடுன்னு ஏறிச்சு. 2024-25 குளிர்காலக் கணக்கெடுப்புல சுமார் 355. ஆனா 2020ல வெளியான ஸ்வீடனோட சிவப்புப் பட்டியல்ல ஓநாய் இன்னும் 'கடுமையான அபாயத்தில்' இருக்கு. நெருங்கின சொந்தத்துக்குள்ளேயே இனம் பெருகுறது இன்னும் தீராத பிரச்சனை. கிழக்கே இருந்து புதுசா வர்ற ஓநாய், சாமி மக்கள் கலைமான் மேய்க்கிற வடக்குப் பகுதியைத் தாண்டித்தான் வரணும். அங்கே ஓநாயை யாரும் விட்டுவைக்க விரும்பறதில்லை. கலைமானைப் பறிகொடுக்கிறவன் வேற என்ன செய்வான்? இந்த நிலைமையில 300ன்னு இருந்த குறைந்தபட்ச அளவை 170ஆ குறைக்கிறோம்னு 2025ல அறிவிச்சாங்க. அன்னிக்குப் பீவரைக் கொடுத்த நார்வேயும் ஓநாய்னு வந்தா கைவிரிக்குது. அவங்க இலக்கே வருஷத்துக்கு 4 முதல் 6 ஈத்து வரைதான்.

கடைசியா பனிநரி. ஸ்டாக்ஹோம் மெட்ரோவுல ஏறினா பாதிப் பேர் முதுகுப் பையில சுருண்டு படுத்திருக்குமே, அந்த நரி. ஸ்வீடன்ல 1928லயே பாதுகாப்பு. அப்ப உயிரோடவும் இருந்துச்சு. ஆனாலும் 2000 வாக்குல வளர்ந்த நரிகள் ஐம்பதுதான் மிச்சம். லெம்மிங் எலி பெருகாத வருஷங்கள்ல பட்டினி, அதோட பெரிய செந்நரி மலை மேல ஏறி வந்து இடத்தைப் பிடிச்சுக்கிட்டது. சட்டப் புத்தகத்தை நரி தின்ன முடியாதே. குளிர்காலத்துல உணவுப் பெட்டி வெச்சு, செந்நரியைக் கட்டுப்படுத்தின பிறகுதான் கொஞ்சம் தலை தூக்கிச்சு. அப்புறம் நார்வேயில கூண்டுல வளர்த்துக் காட்டுல விட்ட சில ஆண் நரிகள் எல்லை தாண்டி வந்து, ஹெலாக்ஸ் மலைக் கூட்டத்துக்குப் புது ரத்தம் கொடுத்துச்சு. மறுபடியும் பக்கத்து வீடு!

இதைத்தான் மக்களே சொல்ல வந்தேன். "இங்கே இல்லாட்டி என்ன, பக்கத்து நாட்டுல இருக்கே"ன்னு எல்லாரும் சுலபமா சொல்லிடறோம். நார்வேக்காரங்களும் அன்னிக்கு "ஸ்வீடன்ல இருக்கே"ன்னு நினைச்சு சும்மா இருந்திருந்தா, ரெண்டு பக்கமும் பூஜ்யம்தான் மிஞ்சியிருக்கும். ஒவ்வொருத்தரும் தன் பங்குக்கு நூறையாவது வெச்சிருக்கணும். யாருக்கு எப்போ தேவைப்படும்னு தெரியாது.

ஊருக்குக் கிளம்பற அன்னிக்கு வீட்டுக்காரர்கிட்ட இந்த 1871 கதையைச் சொன்னேன். "தெரியும், எங்க தாத்தா பீவரையே பார்த்ததில்லை"ன்னார். கொஞ்ச நேரம் ஏரியைப் பார்த்துட்டு நின்னார். அப்புறம் அந்தப் பிர்ச் மரத்தைப் பார்த்து மறுபடியும் திட்ட ஆரம்பிச்சுட்டார். அவர் தாத்தாவுக்குத் திட்டக்கூட ஒரு பீவர் கிடைக்கலை.

டிஸ்கி: பீவர்னா நீர்நாய்தானேன்னு யாரும் கேட்டுடாதீங்க. நீர்நாய் மீன் தின்னும். பீவர் சுத்த சைவம். பாவம், அதைத்தான் மீன்னு சொல்லிச் சாப்பிட்டிருக்காங்க!