அணிலுக்காகக் காத்த காட்டில் ஒரு தவளை

செண்பகத்தோப்பு என்றால் உங்களில் பலருக்கு மீன்வெட்டிப் பாறை அருவியும் காட்டழகர் கோயிலும்தான் ஞாபகம் வரும். அந்தக் காட்டின் வரலாற்றில் ஒரு சின்னப் பகுதியை இன்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

1988 டிசம்பரில் ஸ்ரீவில்லிபுத்தூர் மலைப்பகுதியில் சுமார் 480 சதுர கிலோமீட்டரைச் சாம்பல் நிற அணில் சரணாலயமாக அரசு அறிவித்தது. அந்த அணில் கிளைக்குக் கிளை தாவியே வாழ்கிறது. தரைக்கு இறங்குவது குறைவு. மரங்களின் தலைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால்தான் அதற்குப் பாதை. இந்தியாவில் தென்பகுதியில் மட்டும், அதுவும் அங்கங்கே துண்டுதுண்டாக இருப்பதால்தான் இந்த ஏற்பாடு. எண்ணிக்கை குறைந்ததைக் காப்பது என்பது அன்றைய கணக்கு.

1992இல் ஆஸ்திரேலிய அறிஞர் டேனியல் ஃபெய்த் வேறொரு கணக்கு சொன்னார். உயிர்களையெல்லாம் ஒரே வம்சாவளி மரமாக வரைந்துகொள்ளுங்கள். ஓர் இனம் அழிந்தால் மரத்தில் எவ்வளவு நீளக் கிளை ஒடிகிறது என்று பாருங்கள் என்றார். நம் வீட்டு வழக்கில் சொன்னால், பங்காளிகள் பத்துப் பேர் இருக்கும் குடும்பத்தில் ஒருவர் போனாலும் வம்சம் நிற்கும். ஒற்றை வாரிசு போனால் அந்தக் கொடிவழியே அற்றுப்போகும்.

அப்படி ஒரு ஒற்றை வாரிசு நம் மலையிலேயே மண்ணுக்குள் இருந்தது!

2003இல் கேரள மலைகளில் ஊதா நிறத்தில், கூரிய மூக்குடன், உப்பிய உடலுடன் ஒரு தவளையை எஸ்.டி. பிஜுவும் ஃபிராங்கி போசைட்டும் உலகுக்கு அறிவித்தார்கள். கறையான் தின்று ஆண்டு முழுவதும் மண்ணுக்குள்ளேயே கிடக்கும். மழை தொடங்கும்போது சில நாட்கள் மட்டும் மேலே வந்து முட்டையிட்டுவிட்டு மறுபடி உள்ளே போய்விடும். ஆண்டுக்கொரு முறை வரும் மகாபலியின் பெயரையே மலையாளிகள் இதற்கு வைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்தது. இதற்கு நெருங்கிய உறவு என்று இன்று உயிரோடிருப்பவை இந்தியப் பெருங்கடலில் உள்ள செஷல்ஸ் தீவுகளின் நான்கு சிறு தவளை இனங்கள்தான். இந்தியாவும் அந்தத் தீவுகளும் ஒரே நிலமாக இருந்து பிரிந்து ஆறு கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. கடல் தாண்டிய சொந்தம் இப்படித்தான் வந்தது.

2017இல் அதே குடும்பத்தின் இரண்டாவது இனம் நம் ஸ்ரீவில்லிபுத்தூர் சரணாலயப் பகுதியின் கிழக்குச் சரிவில் கிடைத்ததாக ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஊர்வன ஆய்வாளர் எஸ்.பூபதியின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். அவர் கோவை சலீம் அலி பறவையியல் மையத்தில் பணியாற்றியவர். 2014இல் அகத்தியமலையில் ஆய்வுப் பணியின்போது நேர்ந்த விபத்தில் காலமானார். கேரளத் தவளை தென்மேற்குப் பருவமழையில் முட்டையிடும். நம்முடையது ஐப்பசி, கார்த்திகை மழைக்குத்தான் வெளியே வரும். மலைக்கு அந்தப் பக்கம் மழை கொட்டும்போது நமக்கு வெறும் காற்றுதானே! தவளையும் நம் ஊர்ப் பஞ்சாங்கத்தைத்தான் பார்க்கிறது.

உலகில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தவளை இனங்கள் உண்டு. இந்தக் குடும்பத்தில் இருப்பவை இரண்டே. அணிலை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதற்கு இலங்கையிலும் சொந்தம் உண்டு, மலையணில் போன்ற நெருங்கிய உறவுகளும் உண்டு. அணிலுக்காக வெட்டாமல் விட்ட மரங்கள்தான் இந்தத் தவளையையும் காத்தன என்பது என் எண்ணம். 2021 பிப்ரவரியில் மேகமலையையும் சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆக்கிவிட்டார்கள். இப்போது புலியின் பெயரால் அதே ஓடைகளுக்குக் காவல்.

இதன் தலைப்பிரட்டைக்கு உறிஞ்சு வாய் உண்டு. வேகமாக ஓடும் நீரில் பாறையைக் கவ்விக்கொண்டு வளரும். தவளையாக மாற ஏறக்குறைய நூறு நாள் பிடிக்கும். ஐப்பசியில் இட்ட முட்டைக்குத் தை வரைக்கும் ஓடையில் தண்ணீர் ஓட வேண்டும். அந்த மாதங்களில் காட்டழகரைச் சேவிக்கப் போகிறவர்கள் ஓடையில் சோப்பு, ஷாம்பு போட்டுக் குளிக்காதீர்கள். அடிவாரத்தில் தோப்பு வைத்திருக்கும் நம் பிள்ளைகள் ஓடையை மறித்து மோட்டார் போடுவதற்கு முன் இந்த நூறு நாள் கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள்.