வீச்சின் இருமடி: ஒரு விதியும் இரண்டு ஜெர்மானியரும்

அலையின் ஆற்றல் அதன் வீச்சின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். பள்ளிக்கூடத்தில் நாம் ஒப்பித்த வரிதான். வீச்சு இரட்டித்தால் ஆற்றல் நாலு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது. கயிற்றலை, ஒலி, ஒளி எல்லாவற்றுக்கும் இதே கணக்கு என்று 19ஆம் நூற்றாண்டு இயற்பியல் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி குலைந்த கதையை வெறும் இயற்பியல் வரலாறாக வாசிக்க என்னால் முடியவில்லை.

1902இல் ஃபிலிப் லெனார்ட் உலோகத் தகட்டின்மீது புற ஊதா ஒளியைப் பாய்ச்சி, தெறிக்கும் எலெக்ட்ரான்களை அளந்தார். ஒளியைக் கூட்டினால், அதாவது வீச்சை ஏற்றினால், எலெக்ட்ரான் இன்னும் வேகமாகத் தெறிக்க வேண்டுமில்லையா? அப்படி நடக்கவில்லை. எண்ணிக்கைதான் கூடியது, உச்ச வேகம் அப்படியே இருந்தது. 1905இல் ஐன்ஸ்டைன் விளக்கம் தந்தார்: ஒளி ஆற்றலைச் சிப்பம் சிப்பமாகத்தான் கொடுக்கிறது, ஒரு சிப்பத்தின் அளவைத் தீர்மானிப்பது அதிர்வெண், வீச்சல்ல. பழைய விதி பொய்யாகிவிடவில்லை. மொத்த ஆற்றலுக்கு அது இன்றும் சரி. ஒவ்வொரு எலெக்ட்ரானுக்கும் எவ்வளவு என்று கேட்டால்தான் அதனிடம் பதில் இல்லை.

1926இல் மாக்ஸ் போர்ன் இன்னொரு அடி எடுத்து வைத்தார். எலெக்ட்ரான் அலையில் வீச்சின் இருமடி குறிப்பது ஆற்றலை அல்ல, அந்த இடத்தில் எலெக்ட்ரானைக் காண்பதற்கான நிகழ்தகவை என்றார். கணக்கு அதேதான், அர்த்தம் வேறு.

லெனார்டுக்கு இந்த அர்த்தங்கள் ஒத்துவரவில்லை. 1924இல் ஹிட்லரை வெளிப்படையாக ஆதரித்தார். 1936இல் 'ஜெர்மானிய இயற்பியல்' என்ற நூல்வரிசையைத் தொடங்கி, அறிவியலும் ரத்தத்தால் தீர்மானிக்கப்படுவதுதான் என்று எழுதினார். போர்னோ, யூதர் என்பதால் 1933இலேயே கோட்டிங்கன் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேற்றப்பட்டிருந்தார். சி.வி. ராமன் அழைப்பில் 1935-36இல் சில மாதம் பெங்களூரில் இருந்தார். ராமன் முயன்றும் அங்கே நிரந்தர இடம் அமையவில்லை.

அறிவியல் அரசியலுக்கு அப்பாற்பட்டது என்பவர்களோடும், அது வெறும் அதிகாரச் சொல்லாடல் என்று ஒதுக்கும் தோழர்களோடும் எனக்கு இங்கேதான் சண்டை. சோதனை செய்தவர் என்பதால் லெனார்டுக்கு அதன் அர்த்தத்தின்மேல் பட்டா கிடைத்துவிடவில்லை. எலெக்ட்ரானின் வேகத்தை எந்த இனவாதத்தாலும் மாற்ற முடியவில்லை. ஆனால் அதை அளக்கும் மேசையில் யார் உட்காரலாம், யார் எழுந்து போகணும் என்பதை மாற்ற முடிந்தது. நாம் சண்டை போட வேண்டிய இடம் அந்த மேசைதான். அளவீட்டை மறுப்பதால் அந்த மேசையில் ஒரு நாற்காலிகூட நமக்குக் கிடைத்துவிடாது.