மூன்று ஊர்களும் ஓர் அரங்கும்

லொஸ் ஏஞ்சல்ஸ் மாநகரின் மையத்துக்கு அண்மையில், குன்றுகளுக்கிடையே சாவேஸ் ரவீன் என்னும் பள்ளத்தாக்கு உண்டு. பாலோ வேர்டே, லா லோமா, பிஷப் என மூன்று ஊர்கள் அங்கிருந்தன. மெக்சிக்கோ வழிவந்த உழைப்பாளர் குடும்பங்களே பெரும்பான்மையோர். நகரின் பல பகுதிகளில் அவர்களுக்கு வீடு விற்க மறுக்கப்பட்டது. ஆதலின் அங்கேயே நிலம் வாங்கி, வீடு கட்டி, கோழியும் ஆடும் வளர்த்து வாழ்ந்தனர். இன்று அவ்விடத்தில் டொட்ஜர்ஸ் பேஸ்போல் குழுவின் அரங்கு நிற்கின்றது.

1950 ஜூலையில் அம்மக்களுக்குக் கடிதம் வந்தது. பொது வீடமைப்புக்கு நிலம் தேவை என்றும், புதிய வீடுகளில் அவர்களுக்கே முதலுரிமை என்றும் அது கூறியது. ஏழைகளுக்கு வீடு என்ற நோக்கத்தை நாம் குறைகூற மாட்டோம். ஆயினும் ஊரவர் வேண்டாமென்று வாதாடியும் திட்டம் நிறைவேற்றப்பட்டது. முற்போக்காளர் தீட்டிய திட்டமாயிற்றே என்று இதனை நாம் மறைத்தலாகாது. பெரும்பாலோர் வெளியேறினர்.

அப்போது கம்யூனிச எதிர்ப்புக் காய்ச்சல் நாடெங்கும் பரவியிருந்தது. வீடமைப்பு அதிகாரி பிராங்க் வில்கின்சன் 1952 இல் தமது அரசியல் தொடர்புபற்றிய வினாவுக்கு விடையளிக்க மறுத்து வேலை இழந்தார். பொது வீடமைப்பைச் சோஷலிசமென்று சாடிய நோரிஸ் போல்சன் 1953 இல் மேயரானார். திட்டம் மடிந்தது. நிலமோ, பொதுத் தேவைக்கே பயன்பட வேண்டுமென்ற நிபந்தனையுடன் மாநகரசபையின் கைக்கு வந்தது.

நியூயோர்க்கின் புறூக்ளினில் டொட்ஜர்ஸ் உரிமையாளர் வோல்ட்டர் ஓமலி புதிய அரங்குக்கு இடம் தேடினார். அவர் விரும்பிய நிலத்தை எடுத்துத்தர றொபேட் மோசஸ் என்னும் அதிகாரி மறுத்தார். 1957 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் மாநகரசபை ஓமலிக்குச் சாவேஸ் ரவீனில் ஏறத்தாழ 300 ஏக்கரை வழங்க உடன்பட்டது. கைமாறாக அவரது சிறிய ரிக்லி மைதானத்தைப் பெற்றது.

எதிர்ப்பெழவே, 1958 ஜூன் 3 ஆம் திகதி சர்வசன வாக்கெடுப்பு நடந்தது. இரு நாள்களுக்கு முன் தொலைக்காட்சியில் மணிக்கணக்கான பிரசாரம். அன்று நடிகராயிருந்த றொனால்ட் றேகனும் தோன்றினார். எதிர்த்தோர் யாவரும் ஏழைபங்காளர் என எண்ணற்க. போட்டிக்கு அஞ்சிய வேறொரு பேஸ்போல் முதலாளியின் கரமும் அங்கிருந்தது. பொதுநிலம் மலிவாய்ப் போகின்றதா, நகருக்கு வருவாய் உண்டா என்பவற்றையே இரு தரப்பும் பெரிதும் வாதிட்டன. வெளியேறியோருக்கு அளித்த வாக்குறுதி என்னவாயிற்று என்ற வினா வாக்குச்சீட்டில் இல்லை. சுமார் 25,000 வாக்குகளால் ஓமலி வென்றார்.

1959 மே 8 ஆம் திகதி, எஞ்சியிருந்த அரேச்சிகா குடும்பத்துப் பெண்ணொருத்தியைக் கைகால் பற்றித் தூக்கி வெளியேற்றினர். நாடு அக்காட்சியைக் கண்டு பதறியது. அக்குடும்பத்துக்கு வேறு வீடுகளும் உண்டெனப் பத்திரிகைகள் எழுதியதும் அனுதாபம் வற்றியது. ஒரு குடும்பத்தின் சொத்துக் கணக்கால் மூன்று ஊர்களின் வழக்கைத் தள்ளுபடி செய்த வசதியான நீதி இது.

1962 ஏப்ரல் 10 ஆம் திகதி 56,000 இருக்கைகளுடன் அரங்கு திறக்கப்பட்டது. பாலோ வேர்டேப் பாடசாலையைக் கூரை கழற்றி மண்ணிட்டு மூடியிருந்தனர். இழப்பீட்டுக்கு வழிதேடும் மசோதாவொன்றைக் கலிபோர்னியச் சட்டசபை 2024 இல் நிறைவேற்றியது. உள்ளூரிலேயே தீர்க்கவேண்டிய விடயம் என்று கூறி ஆளுநர் கவின் நியூசம் அதற்கு ஒப்பமிட மறுத்தார்.