கணவாய் கேட்ட பற்சக்கரம்

ஆலங்காயத்திலிருந்து காவலூர் வானாய்வகத்திற்குச் செல்லும் சவ்வாது மலைச் சாலையில், மாணவனாக இருந்தபோது ஒருமுறை மிதிவண்டியில் ஏற முயன்றேன். பாதி வழிக்குமேல் வண்டி என்னைச் சுமக்கவில்லை. நான்தான் அதைத் தள்ளிச் சென்றேன். காலில் வலுவில்லை என்று நண்பர்கள் நகைத்தனர். நானும் அப்படியே நம்பினேன். பல ஆண்டுகள் கழித்துக் கணக்கிட்டுப் பார்த்தபோதுதான், குறை பற்சக்கரத்தில் இருந்தது என்பது விளங்கிற்று.

அந்தக் கணக்கை நீங்களும் போட்டுப் பார்க்கலாம். காவலூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில் உள்ளது. மலையடியிலிருந்து ஏற்றம் 400 மீட்டர் என்றும், சாலையின் சரிவு நூற்றுக்கு 5 என்றும் கொள்வோம். பாதையின் நீளம் 8 கிலோமீட்டர். ஆளும் வண்டியுமாக 80 கிலோ என்றால், புவியீர்ப்பை எதிர்த்துச் செய்யும் வேலை ஏறத்தாழ 3,14,000 ஜூல். ஒரு மணி நேரத்தில் ஏறினால் திறன் 90 வாட்டுக்கும் குறைவே. ஐந்தாறு இட்டிலி தரும் ஆற்றல் இதற்குப் போதும்!

பிறகு ஏன் மூச்சு வாங்குகிறது? முன் சக்கரத்தில் 44 பல், பின் சக்கரத்தில் 18 பல் உள்ள நம் ஊர் வண்டி, மிதியை ஒருமுறை சுற்றினால் சுமார் 5.4 மீட்டர் செல்லும். மேற்சொன்ன ஏற்றத்தில் கால் நிமிடத்திற்கு 25 முறைதான் சுற்றும். சமவெளியில் 60 முறைக்குக் குறையாமல் சுற்றிப் பழகிய கால் அது. மெல்லச் சுற்றும் கால் அதே வேலையைச் செய்ய மிகுதியான விசையுடன் மிதிக்க வேண்டும். வளைவுகளில் சரிவு நூற்றுக்கு 10 ஆகிவிட்டால், மிதி கிடைமட்டத்தில் இருக்கும் கணத்தில் தேவைப்படும் விசை 60 கிலோ எடையைத் தாண்டும். அது ஏறக்குறைய ஓர் ஆளின் முழு எடை.

இந்த இடரை முதலில் தீர்க்க முனைந்தவர்கள் பந்தய வீரர்கள் அல்லர். பிரான்சில் செந்த் எத்தியென் நகரில் பட்டு வணிகம் செய்தவர் பால் தெ விவி (1853–1930). 'வெலோசியோ' என்ற புனைபெயரில் எழுதி, 1887-இல் மிதிவண்டிக்கென ஓர் இதழையும் தொடங்கினார். விடுமுறைகளில் மலைச்சாலைகளில் ஏறுவது அவருக்கு இன்பம். தம் வண்டிகளிலேயே பலவகைப் பற்சக்கர அமைப்புகளைப் பொருத்திச் சோதித்து, ஏற்றத்திற்கு ஒரு கியர், இறக்கத்திற்கு ஒரு கியர் வேண்டும் என்று வாதிட்டார்.

1902-இல் பிரனீஸ் மலையில், 2115 மீட்டர் உயரமுள்ள துர்மலே கணவாயில் ஒரு சோதனைப் போட்டி நடந்தது. மூன்று கியர் பொருத்திய வண்டியில் வந்த மார்த் ஹெஸ் என்னும் பெண்மணி, ஒற்றைக் கியர் வண்டியில் வந்த தேர்ந்த வீரரை முந்தினார். இதற்குமேல் என்ன சான்று வேண்டும்? ஆயினும், 1903-இல் 'தூர் தெ பிரான்ஸ்' பந்தயத்தைத் தொடங்கிய ஆன்றி தெகிராஞ்ச், கியர் என்பது நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கே உரியது என்ற கருத்தினர். 1910-இல் அவருடைய பந்தயமும் துர்மலே ஏறியது, கியர் மாற்றி இல்லாமலேயே. மலையடியில் இறங்கிப் பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டினால் வேறு பல் கிடைக்கும். அதுவே வீரர்களுக்கு இருந்த சலுகை. சங்கிலியைத் தள்ளிப் பல் மாற்றும் கருவிக்கு அங்கே 1937-இல்தான் இசைவு கிடைத்தது. இயற்பியல் தோற்கவில்லை, வீம்பு முப்பத்தைந்து ஆண்டுகள் தாக்குப் பிடித்தது.

நம் நாட்டில் 1949-இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கப்பட்டது. பால்காரரும் ஆசிரியரும் ஓட்டிய உறுதியான கறுப்பு வண்டிக்கு ஒற்றைப் பல்லே போதுமானதாயிருந்தது. சமவெளிக்கு அது சரியே. 2008 முதல் நடைபெறும் நீலகிரிச் சுற்றுப் பயணத்தில் கல்லட்டி ஏற்றத்தை மிதித்துக் கடக்கும் பொழுதுபோக்கு ஓட்டிகளோ பல கியர் வண்டிகளில் வருகிறார்கள்.

பதினொன்றாம் வகுப்பு மாணவர்களுக்கு நம் அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டியும் ஒற்றைக் கியர் வண்டிதான். தஞ்சைக்கும் சவ்வாது மலைக்கும் அதே பல். பின் சக்கரத்தில் 18-க்குப் பதிலாக 28 பல் இருக்குமானால், மேலே கண்ட 60 கிலோ விசை ஏறத்தாழ 40 கிலோவாக இறங்கும்.