கம்பிவலைக்குள் ஒரு சுடர்

1812 மே 25. இங்கிலாந்தின் வடகிழக்கில் உள்ள ஃபெல்லிங் நிலக்கரிச் சுரங்கத்தில் வாயு பற்றி வெடித்தது. மாண்டவர்கள் 92 பேர். அவர்களில் பலர் சிறுவர்கள். நிலக்கரியிலிருந்து கசியும் மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்துவிட்டால், ஒரு பொறி போதும். வெளிச்சத்துக்காகக் கொண்டுபோகும் விளக்கே எமனாகிவிடும்.

1815-இல் வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி இதற்கு ஒரு வழி கண்டார். எண்ணெய் விளக்கின் சுடரைச் சுற்றி மிக நெருக்கமான கம்பிவலை. சதுர அங்குலத்துக்கு 784 கண்கள். வலை சூட்டை உறிஞ்சிப் பரப்பிவிடுவதால், உள்ளே எரியும் தீ வெளியே உள்ள வாயுவைப் பற்றவைக்காது. மருத்துவர் கிளானியும் பொறியாளர் ஜார்ஜ் ஸ்டீபன்சனும் அதே காலத்தில் தனித்தனியே விளக்குகள் செய்தார்கள். டேவி காப்புரிமை கோரவில்லை; அதற்காகவே அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். திரியைத் தணித்துச் சுடரை உற்றுப் பார்த்தால், மீத்தேன் உள்ள இடத்தில் அதன் தலையில் வெளிர்நீலத் தொப்பி தெரியும். பிராணவாயு குறைந்தால் சுடர் அணைந்துவிடும்.

ஆனாலும் சாவு நிற்கவில்லை. வாயு மிகுதி என்று ஒதுக்கிவைத்த பகுதிகளையெல்லாம், விளக்குதான் இருக்கிறதே என்று முதலாளிகள் திறந்தார்கள். வலையில் துருவேறி ஓட்டை விழுந்தாலும், காற்று வேகமாக அடித்தாலும் தீ வெளியே பாயும். காற்றோட்டத்துக்குச் செலவிட்டிருக்க வேண்டிய பணத்தை விளக்கைக் காட்டி மிச்சம் பிடித்தார்கள். அது கொடுமை.

நம் ஓசூர், கிருஷ்ணகிரிக்கு அண்டையில் உள்ள கோலார் தங்கவயலின் கதை வேறு. 1880-இல் பிரிட்டனின் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே கால் வைத்தபின், வட ஆற்காட்டிலிருந்தும் சேலம் மாவட்டத்திலிருந்தும் தமிழர்கள் திரளாகப் போனார்கள். கிருஷ்ணகிரி அன்று சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. நிலக்கரி வாயுவின் அச்சம் குறைவு என்பதால், கெட்டிப் பாறையைக் குடையும் இத்தகைய தங்கச் சுரங்கங்களில் மெழுகுவத்தி, கார்பைடு விளக்கு என்று திறந்த சுடரே புழங்கியது. 1902-இல் சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது. ஆனால் அங்கே உயிர் குடித்தது பாறை. அங்குள்ள சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை திடீரென்று வெடித்துச் சிதறும். ‘ஏர் பிளாஸ்ட்’ என்பார்கள். அதை முன்கூட்டிச் சொல்லும் சுடர் எதுவும் இல்லை.

2001 பிப்ரவரி 28-இல் தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டன. உங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் சுரங்க விளக்கு கிடந்தால், தயவுசெய்து பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். தாத்தாவின் பெயர், எந்தச் சுரங்கம், எந்த ஆண்டு என்று ஒரு தாளில் எழுதி அதோடு சேர்த்து வையுங்கள்.