கால்வின் ஜோன்சன்

கால்வின் ஜோன்சன் (பிறப்பு: நவம்பர் 1, 1962) ஓர் அமெரிக்கப் பாடகரும் கித்தார் கலைஞரும் இசைத்தட்டு வெளியீட்டாளரும் ஆவார். வாசிங்டன் மாநிலத்தின் ஒலிம்பியா நகரில் 1982 இல் கே ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். பெருநிறுவனங்களைச் சாராது இயங்கும் இண்டி பாப் இசையின் முன்னோடிகளுள் ஒருவராகக் கருதப்படுகிறார்.

இளமையில் எவர்கிரீன் மாநிலக் கல்லூரி வானொலியில் நிகழ்ச்சி நடத்தினார். இசைத்தட்டு அச்சிடுவதற்குப் பெரும்பணம் தேவைப்பட்டது. ஆதலால் கே ரெக்கார்ட்சின் முதல் வெளியீடு, எளிதில் படியெடுக்கக்கூடிய ஒலிநாடாவாக அமைந்தது.

ஹெதர் லூயிஸ், பிரெட் லன்ஸ்போர்ட் ஆகியோருடன் இவர் அமைத்த பீட் ஹேப்பனிங் குழுவில் பேஸ் கித்தார் கிடையாது. உறுப்பினர்கள் கருவிகளைத் தமக்குள் மாற்றிக்கொண்டு வாசித்தனர். தேர்ச்சி பெறும்வரை காத்திராமல் எவரும் இசைக்கலாம் என்பதே இதன் உட்பொருள். ஜோன்சனின் கட்டைக்குரல் சுருதி விலகுவதும் உண்டு. முதன்முறை கேட்போருக்கு இது வெறும் விளையாட்டாகத் தோன்றக்கூடும்.

ஆகஸ்ட் 1991 இல் கே ரெக்கார்ட்ஸ் ஒலிம்பியாவில் ஆறு நாள் பன்னாட்டு பாப் அண்டர்கிரவுண்ட் மாநாட்டை நடத்தியது. பெருநிறுவனத்தாருக்கு அதில் இடமில்லை. முதல் நாளிரவு பெண் கலைஞர்களுக்கென ஒதுக்கப்பட்டது. அடுத்த மாதமே நிர்வாணா குழுவின் நெவர்மைண்ட் இசைத்தொகுப்பைப் பெருநிறுவனமான கெஃபன் வெளியிட்டது. அது உலகெங்கும் பெரும் விற்பனை கண்டது. அக்குழுவின் கர்ட் கோபேன், கே ரெக்கார்ட்சின் சின்னத்தைத் தம் கையில் பச்சை குத்திக்கொண்டவர்.

ஜோன்சன் சிறிய அளவிலேயே தொடர்ந்தார். தம் வீட்டு நிலவறையில் டப் நார்காட்டிக் என்னும் ஒலிப்பதிவுக்கூடம் அமைத்தார். பெக்கின் ஒன் ஃபுட் இன் த கிரேவ் (1994) அங்குதான் பதிவாயிற்று. ஜோன்சனின் முதல் தனித்தொகுப்பான வாட் வாஸ் மீ 2002 இல் வெளிவந்தது. அதன் சில பாடல்களில் கருவியிசை எதுவுமின்றி அவரது குரல் மட்டுமே ஒலிக்கிறது.